காய்ச்சல் என்று நான் கூப்பிட்ட நாள்

என் பிரியமுள்ள மாணிக்கண்ணா,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் அரூரில் அதே கல்லூரியில்தான் பாடம் நடத்துகிறேன்.

இந்தப் பருவத்தில் மாணவிகளுக்கு ஒரு பழைய ஆங்கில நாவல். செய்யாத குற்றத்துக்காக ஒரு கறுப்பினத்தவரைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவர்மேல் தப்பில்லை என்பது அங்கிருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தண்டிக்கிறார்கள். வருடா வருடம் இதற்குப் பத்து மார்க் கேள்விக்கான குறிப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். இந்த முறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"எங்கூர்ல இதுக்குக் கோர்ட்டே வேணாங்க மிஸ். எந்தத் தெருன்னு கேட்டாப் போதும்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என்னால் அடுத்த வரியைப் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு உன்னைப் பற்றிச் சொன்னேன்.

நீ பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கியதைச் சொன்னேன். கம்பைநல்லூரில் விடுதியில் தங்கிப் படித்த என்னைப் பார்க்க, ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு நீ வந்ததைச் சொன்னேன். அன்று பார்த்துக் கடைத்தெருவில் ஒரு வீட்டில் சங்கிலி காணாமல் போயிருந்தது. புதுமுகமாகத் தெரிந்த உன்னை நிறுத்தினார்கள். "எந்த ஊருடா?" சொன்னாய். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் மறைக்காமல் சொன்னாய். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. கட்டிவைத்து அடித்து, போலீஸில் புகார் கொடுத்தார்கள்.

சங்கிலி அந்த வீட்டு அரிசி டிரம்முக்குள்ளேயே கிடைத்தது. இருந்தும் புகாரைத் திரும்பப் பெறவில்லை. கௌரவம் போய்விடுமாம். வழக்கிலிருந்து நீ விடுதலையாகி வந்தபோது மண்டியில் உனக்கு வேலை இல்லை. இடது காது கேட்கவில்லை. போன வருடம் அந்தப் பக்கமாக வந்த லாரியின் ஹாரனும் உனக்குக் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் என் பின்னாலேயே படிவரை வந்தாள்.

அவர்களிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை அண்ணா. உன்னை வரச் சொன்னது நான். விடுதி வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனில், "காச்சலா இருக்குதுண்ணா, வந்துட்டுப் போ" என்றேன். மாத்திரை போட்டால் தீர்ந்திருக்கும் காய்ச்சல். உன்னைப் பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். நீ ஒருநாளும் அதைப் பேச்சில் எடுக்கவில்லை. என்மேல் உனக்குக் கோபம் இருந்ததா? கேட்கப் பயந்தே இத்தனை காலத்தையும் கழித்துவிட்டேன்.

வகுப்பில் உன்னைப் பற்றிப் பேசிய அன்று மாலை அம்மாவிடம் இதைச் சொல்லி அழுதேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"தெரியும் பாப்பா. தங்கச்சிக்குக் காச்சலுன்னு சொல்லிட்டுத்தான வூட்ட வுட்டுப் போனான்."

"அப்புறம் ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"என்னத்தக் கேக்கறது? கூடப் பொறந்தவனக் கூப்புட்ட, வந்தான். அடிச்சவங்க ஒருத்தராச்சும் வந்து அழுதாங்களா? நீ ஒக்காந்து அழுவுற."

அவள் சொன்னது சரி என்று புத்திக்குப் புரிகிறது. மனசுக்கு எட்டவில்லை. அந்த ஒரு போனை நான் செய்யாமல் இருந்திருந்தால் என்றுதான் மறுநாளும் விடிந்தது. இது என்னை விட்டுப் போகுமா?

உன் மகள் மலர் இந்த வருடம் கல்லூரி விடுதியில் சேர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரட்டுமா என்று கேட்டால், "எதுக்குங்க அத்தை அவ்ளோ தூரம், வேணாம்" என்கிறாள். அவளுக்கும் உன் கதை தெரியும் இல்லையா. தனக்காக யாரும் புறப்பட்டு வருவதே அவளுக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் சொல்லாமலே போய் நின்றேன். திட்டினாள். அப்புறம் என் தோளில் சாய்ந்துகொண்டு, பஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். இனி ஒவ்வொரு ஞாயிறும் போவேன் அண்ணா. "வாங்க அத்தை" என்று அவளே கூசாமல் கூப்பிடுகிற வரைக்கும் போவேன்.

உன்னோடு பிறந்தவள்,
உன் தங்கச்சி செல்வி