இரண்டாம் முறை போட்ட வாய்க்கரிசி

அன்பான அண்ணை,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நீங்கள் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் ‘தங்கச்சி’. அதை நம்பித்தான் நானும் ‘அண்ணை’ என்றேன். மும்பையில் நீங்கள் கண்ணை மூடி ஒரு கிழமையாகிறது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

இங்கே டிவியில் நாள் முழுக்க உங்கள் புகழ்தான். இளவயதில் இயக்கிய இந்திக் காதல் படங்கள், பிறகு வரிசையாக விழுந்த படங்கள், தயாரிப்பாளராகிக் கையைச் சுட்டுக்கொண்டது, கடைசியில் இங்கே டொரொண்டோவில் எடுத்த படத்தால் நிமிர்ந்தது. அதில் வரும் செத்தவீட்டுக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பெயர் தெரியாத அந்த வயதான நடிகை என்னமாய் அழுகிறார் என்று வியக்கிறார்கள்.

நடிகையா? அது என் அம்மா. பெட்டிக்குள் கிடப்பது என் அப்பா.

நான் உங்கள் படப்பிடிப்பில் மொழிபெயர்ப்பாளராக இருந்த மாதத்தில்தான் அப்பா போனார். மாலையோடு வந்தீர்கள். பின்னால் கமராவும் வந்தது. செத்தவீட்டை வீடியோ எடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் பார்க்கவேண்டும். “நினைவுக்கு நானே எடுத்துத் தருகிறேன்” என்றீர்கள். எவ்வளவு பெரிய மனது என்று உருகிப்போனோம். நீட்டிய தாளில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். எங்களைப்போல ஏமாளிகள் உண்டா?

அம்மா வாய்க்கரிசி போட்டார். அழவில்லை. நீங்கள் என் காதருகே குனிந்து, வெளிச்சம் சரியில்லை, இன்னொரு முறை போடச் சொல் என்றீர்கள். உங்கள் தகப்பனுக்கு இரண்டு தரம் கொள்ளி வைப்பீர்களா அண்ணை? அன்று அதை நான் கேட்கவில்லை. வேலைப் பழக்கத்தில் வாய் தானாக மொழிபெயர்த்தது.

“அம்மா, இன்னொருக்காப் போடட்டாம்.”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அரிசியை அள்ளினார். அப்போதுதான் அழுதார்.

படம் வந்ததும் அந்தக் காட்சியை வெட்டச் சொல்லி எத்தனை முறை போன் எடுத்தேன்? முதலில் “பார்க்கிறேன் தங்கச்சி” என்றீர்கள். பிறகு உதவியாளர் பேசினார். அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

நேற்று, டொரொண்டோவின் ரூஜ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு சோபாவில் இருந்து அம்மா அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தப் போனேன்.

“விடு பிள்ளை. உதில நான் அப்பாவுக்காக அழேல்லை. வெக்கத்தில அழுதனான். நீயும் அந்தப் படக்காரனும் ரெண்டுபேருமாச் சேந்து, செத்துக்கிடந்த மனுசனுக்கு முன்னால என்னைக் கூத்தாட வைச்சிட்டியள்.”

இரண்டுபேரும் என்றார். நீங்கள் தப்பிவிட்டீர்கள். நான் அம்மாவோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே உங்களுக்கு நினைவுக் கூட்டம். என்னையும் பேசக் கேட்டிருக்கிறார்கள். போவேன். அந்த நடிகையின் பெயரைச் சொல்வேன், அந்தக் கண்ணீர் எதற்கு வந்தது என்றும் சொல்வேன். இன்னொன்றும் உறுதி. அம்மாவின் நாள் வரும்போது மண்டபத்துக்குள் கமரா வராது. லண்டன் சனம் கோபித்தால் கோபிக்கட்டும். நான் ஒரே ஒரு முறைதான் அரிசி போடுவேன்.

இப்படிக்கு,
இரண்டு முறை போட்டவரின் மகள்