அட்டைப்பெட்டியில் இரண்டு வண்டுகள்

அக்கா,

இன்று காலை ஒரகடம் கிடங்கில் ஒரு கன்டெய்னரைத் திறந்ததும் அதே பைன் மர வாசனை. கப்பலில் வாரக்கணக்கில் அடைபட்டு வந்த வாசனை. உள்ளே, உதிரி பாகங்கள் அடுக்கிய மரச்சட்டத்தில், மறுபடியும் ஒரு தேன்கூடு.

முதல் கூடு வந்தபோது நீங்கள் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் பட்டியல் சரிபார்க்கப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சூப்பர்வைசர் மருந்து அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் அடிக்கவில்லை. "இதுவளும் நம்மள மாதிரி பொழைக்க வந்ததுவதான்ட்டி. கொல்லச் சொல்லுதாவ பாரு" என்று தென்காசிப் பேச்சில் முணுமுணுத்தபடி, கூட்டைத் தேனீக்களோடு ஓர் அட்டைப்பெட்டியில் இறக்கினீர்கள்.

"நீ படிச்ச புள்ள. சரியா இருக்கான்னு ஒருதரம் பாரு."

பார்த்தேன். தேனடையின் ஓரத்தில் மிளகளவில் இரண்டு கறுப்பு வண்டுகள் ஓடின. நம் பக்கத்தில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஆனால் உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"சரிதான்க்கா."

மாலையில் என் ஸ்கூட்டியின் பின்னால், பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தீர்கள். "வேகத்தடையில மெதுவா ஓட்டுட்டி, தூங்குதுவ." பிள்ளைப்பாக்கத்தில், என் அம்மாவின் பூசணித் தோட்டத்துத் தேனீப் பெட்டிகள் இரண்டுக்கும் பக்கத்தில் அதை வைத்தோம். "ஃபாரின் ஈ ஒண்ணுதான் எனக்குக் கொறச்சலா கீது" என்று அம்மா சிரித்தாள்.

சில மாதங்களில் அம்மாவின் பெட்டிகளில் அடை குழைந்து, அழுகிய ஆரஞ்சுபோல நாறியது. உள்ளே புழுக்கள், பலகையெங்கும் அந்த வண்டுகள். ஈக்கள் போய்விட்டன. அதற்குள் நீங்கள் மஞ்சள்காமாலையோடு ஊருக்குப் போயிருந்தீர்கள். போனில் ஒன்றைத்தான் கேட்பீர்கள்: "நம்ம ஈயெல்லாம் எப்படி இருக்குட்டி?"

"நல்லா இருக்குக்கா."

நீங்கள் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பும் அதையே சொன்னேன்.

அம்மா இப்போது விடியலில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தானே தடவுகிறாள். "ஈ வேலையும் நானே பாக்கணுமா" என்கிறாள். ஈக்கள் எதனால் போயின என்று அவளிடமும் நான் சொல்லவில்லை.

இன்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் கேட்டார்: "அந்தத் தென்காசி அக்கா பண்ண மாதிரி, பெட்டில புடிச்சு வெளிய வுட்டுடலாமா மேடம்?"

"வேணாம். கதவ மூடுங்க. மருந்து அடிக்கணும்."

என் குரல் கிடங்கின் அந்தக் கோடிவரை கேட்டது. மருந்து அடிப்பவர் வரும்வரை கன்டெய்னர் கதவில் உள்ளங்கையை வைத்து நின்றேன். இரும்பின் வழியே மெல்லிய அதிர்வு வந்துகொண்டே இருந்தது. அன்று வழி முழுக்க உங்கள் மடியில் இருந்தது இதுதானே, அக்கா?

கையைக் கழுவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த அதிர்வு போகவில்லை.