இரண்டு சோலிக்கு ஒரு துப்பாக்கி

என் அந்தோணி அண்ணனுக்கு,

நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷமும் உன்னிடம் மனசுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் அழுகையோடு பேசியது. இன்றைக்குத்தான் முதன்முறையாகக் கோபத்தோடு எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே என்று கேட்கமாட்டேன். இந்த முறை கோபித்துக்கொள்ளும் உரிமை என்னுடையது.

உன் மகள் ஜெனிக்குப் பத்தொன்பது வயது. மதுரையில் கல்லூரி படிக்கிறாள். உன்னைப் போலவே நெட்டை, உன்னைப் போலவே முன்கோபம். போன வருஷம் கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து ரைபிள் சுட்டிருக்கிறாள். முதல் நாளே அவள் சுட்ட அட்டையைப் பார்த்துவிட்டு எல்லோரும் கூடிவிட்டார்களாம். அப்புறம் ஒரு நாள் போனில் சொன்னாள்: "அத்தை, எனக்கு பிஸ்டல் பழகணும். போட்டிக்குப் போகணும். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட அலுவலகத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. துப்பாக்கி என்ற சொல்லை நான் வாயால் சொல்லி அத்தனை வருஷம் ஆகியிருந்தது. ஏன் சொல்வதில்லை என்பது ஜெனிக்குத் தெரியாது. மதினிக்கும் தெரியாது. எனக்கும் உன் கூட்டாளி சந்திரனுக்கும் மட்டும்தான் தெரியும்.

நீ எப்படி இதில் விழுந்தாய் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கொடைக்கானல் ஏரிக்கரையில் பலூன் சுடுகிற கடை. நம் ஊர் கவுஞ்சியில் இருந்து உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தால், இறக்கிய கையோடு அங்கேதான் நிற்பாய். பத்துக்குப் பத்து பலூன் உடைப்பாய். சுற்றுலா வந்தவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் உன் தலைக்கு ஏறியதை நான் பார்த்தேன். சிரித்துக்கொண்டு பார்த்தேன், அதுதான் என் தப்பு. அங்கேதான் சந்திரனும் உன்னைப் பார்த்தான். நாலு காட்டேஜ் வைத்திருக்கிறவன், ஜீப்பில் வருகிறவன், உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது உனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் காட்டுப்பன்றி உன்னைப் படுத்தியதை நான் மறுக்கவில்லை. பாத்தி பாத்தியாகக் கிழங்கைக் கிளறிப் போட்டுவிட்டுப் போயின. வேலியில் டப்பா கட்டினாய், பழைய சேலைகளைக் கட்டினாய், வனத்துறைக்கு மனு எழுதினாய். உன் ஆத்திரம் எனக்குப் புரிந்தது. அந்த ஆத்திரத்தில்தான் சந்திரன் வந்து உட்கார்ந்தான். நான் உன் வீட்டில் காபி கலந்துகொண்டிருந்தேன், என் காதுபடச் சொன்னான்.

"நீளத் துப்பாக்கின்னா மறைக்க முடியாது அந்தோணி. கையடக்கமா ஒண்ணு வச்சுக்க. பகல்ல டப்பா வச்சுக் குறி பாத்துப் பழகு. பன்னி வந்தா அதையும் போட்டுரு. ஒண்ணுலயே ரெண்டு சோலி முடிஞ்சிரும்ல?"

நீ சிரித்தாய். அவன் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறான் என்று நான் நினைத்தேன். நீ அவனிடம் வாங்கிவிட்டாய் என்பது எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

உரிமம் இல்லாத துப்பாக்கி. எங்கோ திருட்டுத்தனமாகச் செய்தது. வேட்டை என்பதே சட்டப்படி குற்றம் என்று உனக்குத் தெரியாதா? நம் மலையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதையெல்லாம் விடு. உன் கையை நம்பி ஒரு வீடு இருந்ததே, அது உனக்குத் தெரியாதா?

ஜெனிக்காக நான் மதுரைக்குப் போனேன். மதினியிடம் சொல்லாமல்தான். போய்ப் பார்த்துவிட்டு, ஏதாவது காரணம் சொல்லித் தடுத்துவிடலாம் என்று ஒரு கள்ள எண்ணம். அவள் சேர நினைத்த துப்பாக்கிப் பயிற்சிக் கழகத்தில் ஒரு பயிற்சியாளர் அம்மா இருந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, கண்டிப்பான குரல். ஜெனியிடம் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எதுக்கு வேணும் உனக்கு?"

"போட்டிக்கு மேடம். பத்து மீட்டர்."

"அப்ப இப்போதைக்கு எதையும் வாங்காத. மூணு மாசம் இங்க இருக்கிறதுல சுடு. ஒன் கையி எதுன்னு சொல்லும், அப்புறம் வாங்கலாம்."

அப்போது எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவர் குறுக்கே வந்தார். அவரும் முதல் துப்பாக்கி வாங்கத்தான் விசாரிக்க வந்திருந்தார். மலையடிவாரத்தில் தோட்டம் இருக்கிறதாம். "மேடம், டார்கெட்டும் பழகணும், தோட்டத்துப் பக்கம் பன்னி கின்னி வந்தா அடிக்கவும் ஆகணும். அப்படி ஒரு பிஸ்டல் சொல்லுங்களேன்" என்றார்.

அண்ணே, சந்திரன் சொன்ன அதே பேச்சு. பதினோரு வருஷம் கழித்து, வேறு வாயிலிருந்து.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வேட்டைன்னு இங்க யாராவது வாயைத் தொறந்தா வெளிய அனுப்பிருவேன். அது ஜெயிலுக்குப் போற சோலி. இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. இது ஒத்தக் கையில நீட்டிப் பிடிக்கிற சாமான். கையி ஒரு நூல் அசைஞ்சா அங்க ஒரு சாண் தள்ளிப் படும். வருஷக்கணக்காப் பழகுனவங்களுக்கே அசையுது. அட்டையில ஓரத்துல பட்டா மார்க் கொறையும், அவ்வளவுதான். பன்னிக்கு ஓரத்துல பட்டா என்ன செய்யும்னு நெனைக்கிறீங்க? அட்டை திரும்பி வந்து குத்தாதுங்க."

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த நாலு வார்த்தையை உனக்குச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லாமல் போயிற்றே! நீ யாரிடம் கேட்டாய்? பலூன் கடையில் கைதட்டியவனிடம் கேட்டாய்.

ஊர் திரும்ப வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கொடைக்கானல் பஸ்சுக்காக நின்றோம். விடுமுறைக்கு ஜெனியும் என்னோடு வந்தாள். "என்னத்தை, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். கொய்யாப்பழம் விற்கிறவர்களின் சத்தத்துக்கு நடுவே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

ஊருக்குச் சொன்னது போல அப்பா டார்ச் லைட்டோடு பன்றி விரட்டப் போகவில்லை என்று சொன்னேன். வெள்ளனே, பனி விலகாத நேரத்தில், சந்திரனும் அப்பாவும் துப்பாக்கியோடு போனார்கள் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில், பன்றி கிழித்த தொடையில் சுற்றிய துணியெல்லாம் நனைந்து கிடக்க, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே சொன்னேன்: "சுட்டேன் ரோசி. பட்டுச்சு. ஆனா விழல. திரும்பிருச்சு."

அதற்கப்புறம் நீ சொன்னதையும் சொன்னேன். "சந்திரன் மொதல்ல அதை ஒளிச்சு வச்சுட்டு வாரேன்னு போனான். ரொம்ப நேரம் ஆச்சு ரோசி. நான் வரப்புலயே கெடந்தேன்."

ஜீப் பக்கத்திலேயே நின்றிருந்தது அண்ணே. கவுஞ்சியில் இருந்து கொடைக்கானலுக்கு அந்த வளைவுப் பாதையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? அவனுக்கு உன் ரத்தத்தைவிட அந்த இரும்பு அவசரமாகப் போயிற்று. நீ கண் மூடிய பிறகு, ஆஸ்பத்திரி நடையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு அவன் சொன்னான்: "துப்பாக்கின்னு வெளிய வந்தா அந்தோணி பேருதான் கெடும். டார்ச்சோட காவலுக்குப் போனான்னு சொல்லிரும்மா." நான் தலையாட்டினேன். போலீஸ்காரர் கேட்டபோது அதையே சொன்னேன். மதினியிடம் சொன்னேன். எட்டு வயது ஜெனியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவளிடமும் சொன்னேன்.

பஸ் வந்தது. ஜெனி ஏறி, எனக்கு முன்னால் மூன்று சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். கொடைக்கானல் வரைக்கும் அவள் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "இத்தனை வருஷம் நீங்களுமா அத்தை?"

மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மதினியே கூப்பிட்டாள். "பிள்ள எல்லாத்தையும் சொல்லிட்டா. வெரசா கெளம்பி வா."

போனேன். மதினி என்னை அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அடுப்படியில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினாள். "பதினோரு வருஷம் அந்தாளுக்கு டீ போட்டுக் குடுத்திருக்கேன்டி ரோசி. நெனப்பு நாளுக்கு நெனப்பு நாளு வந்து, எம்புருசன் படத்துக்கு மாலை போட்டுட்டு, எங்கையால டீ வாங்கிக் குடிச்சுட்டுப் போயிருக்கான். சக்கரை பத்தலைன்னு கேட்டு வாங்கிக் குடிச்சிருக்கான்."

இதற்குப் பதில் நீ சொல்லு.

ஜெனி தோட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். இப்போது அங்கே பூண்டு போட்டிருக்கிறோம். நீ நின்ற வரப்பையும், ரத்தம் கிடந்த இடத்தையும் காட்டினேன். பன்றி எங்கே நின்றது என்று கேட்டாள். நீ சொன்ன அடையாளம், அந்தக் கல்மேட்டைக் காட்டினேன். அவள் வரப்பில் நின்று வலது கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு அடி வைத்து நடந்து அளந்தாள். போனாள், வந்தாள், மறுபடியும் போனாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றபோது அவள் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"அப்பாவுக்குச் சுடத் தெரியாது அத்தை."

அழவில்லை அவள். "பலூன் பக்கத்துல இருக்கும். அசையாது. துப்பாக்கிய மேசையில ஊண்டிக்கலாம். இது பனியில, மூச்சு வாங்க ஏறி வந்து, ஒத்தக் கையில. நான்கூட இதைச் சுட மாட்டேன். அவரு எப்படிச் சுட்டாரு? என்னைய நெனைக்கவே இல்லையா அவரு?"

நான் உனக்காக வாதாட வாயெடுத்தேன். அவள் கல்மேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உன் நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சந்திரன் வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன். வழக்கம்போல போஸ்டர் கட்டோடு வந்தான். உன் படம், கீழே "பயிர் காக்கும் போரில் உயிர் நீத்த மாவீரனே" என்று கொட்டை எழுத்து, அதற்கும் கீழே அவன் படம், அவன் காட்டேஜ் பேர். மதினி வாசலைத் தாண்டி அவனை உள்ளே விடவில்லை.

"ஒளிச்சு வைக்க எவ்வளவு நேரம் ஆச்சு சந்திரண்ணே?" என்று கேட்டாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தான். "அவன்தாம்மா வேணும்னு கேட்டான். நானா அவன் கையில திணிச்சேன்?" என்றான்.

"கேட்டாரு, சரி. அதுக்கப்புறம் தண்ணி கேட்டாரா? தூக்கச் சொல்லிக் கேட்டாரா? அதைச் சொல்லுங்க."

அவன் போஸ்டரை வாசலிலேயே போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டான். மதினி அதை எடுத்து, உன் முகம் இருந்த பகுதியை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை அடுப்பில் போட்டாள்.

ஆனால் அவன் சொன்னது என்னை விடவில்லை அண்ணே. நீ கேட்டாய். அது உண்மைதான். அவன்மேல் எனக்கிருக்கிற கோபம் நேரானது. உன்மேல் இருக்கிற கோபத்தைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்று இத்தனை வருஷம் உன்னை வீரனாக்கி வைத்திருந்தோம். நீ வீரனில்லை. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, தப்பான ஆளிடம் கேட்டு, தப்பான சாமானை வாங்கிக்கொண்டு போய் நின்ற மனுஷன். ஒரு பிராணியைப் பாதி உயிராக்கி விட்டாய். அதுவும் எங்கோ புதருக்குள் கிடந்து செத்திருக்கும். அதற்காகவும் எனக்கு உன்மேல் கோபம்.

போன வாரம் காவல் நிலையத்துக்குப் போனேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். "பழைய கேசும்மா, இப்ப எதுக்கு?" என்று கேட்டார் அந்த அதிகாரி. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று நின்றேன். வாங்கிக்கொண்டார். என்ன நடக்கும் என்று தெரியாது. என்மேலும் நடவடிக்கை வரலாம் என்றார். வரட்டும்.

மூன்று மாதம் முடிந்து, நேற்று ஜெனி தன் முதல் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தாள். காற்றழுத்தத்தால் சுடுகிறது, போட்டிக்கு மட்டுமே ஆனது. மதினியும் வந்திருந்தாள். துப்பாக்கி வீட்டுக்கு வரக்கூடாது, கழகத்துப் பெட்டியிலேயே பூட்டி இருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. பயிற்சியாளர் அம்மா மூன்றை எடுத்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கு, அப்புறம் கண்ணைத் திற என்றார். முதலாவது, பார்க்க அழகாகப் பளபளவென்று இருந்தது. கண் திறந்தபோது குறி இடது பக்கம் போயிருந்தது. இரண்டாவதன் பிடி அவள் உள்ளங்கைக்குப் பெரிது. மூன்றாவது பழையது, யாரோ சுட்டுப் பழகி விட்டுப்போனது, பிடியில் நிறம்கூட உதிர்ந்திருந்தது. அதைத் தூக்கிக் கண்ணைத் திறந்தாள். அப்படியே நின்றாள். "இது நேரா வருது மேடம்" என்றாள்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்கப்புறம்.

அண்ணே, உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். ஒவ்வொரு போட்டிக்கும் அவளோடு நான் போவேன். அப்பா எப்படிச் செத்தார் என்று யார் கேட்டாலும், நடந்ததை நடந்தபடி சொல்வேன், உன் பேரைக் காப்பாற்ற ஒரு சொல்லும் கூட்டமாட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தை முடித்தால் நன்றாக இருக்கும். இன்னும் மன்னிக்கவில்லை. உன் விஷயத்தில் இனிமேல் ஒரு பொய்கூடச் சொல்ல எனக்கு மனசில்லை.

உன்னோடு பிறந்தவள்,
ரோசி