ஆர்.சி.யில் க்ரே, ரோட்டில் மயில்கழுத்து

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே அனல். காற்று சுத்தமாக இல்லை.

அரியாங்குப்பம் பாலம் இறங்கினதும் போலீஸ் செக்கிங். எஸ்.ஐ. சின்ன வயது. ஆர்.சி. கார்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி கார்டு.

"மேடம், இதுல க்ரேன்னு இருக்குது. வண்டி இன்னா கலரு?"

"மயில்கழுத்து."

"அப்போ பர்மிஷன் இல்லாம கலர மாத்தியிருக்கீங்க."

"வாங்கித்தான் சார் மாத்தினேன். வெள்ளையா இருந்துது. ரெண்டு வருஷமாச்சு."

"வாங்கியிருந்தா ஏன் க்ரேன்னு இருக்கப் போவுது?"

கார்டை வாங்கிப் பார்த்தேன். க்ரேதான். பொடி எழுத்து. தசமப் புள்ளி தவறினால் அரை மார்க் குறைக்கிற கணக்கு டீச்சர், இரண்டு வருடமாகக் கைப்பையில் கிடக்கும் சொந்தக் கார்டை ஒரு தடவை படிக்கவில்லை. வெட்கம்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வண்டி. நாலு கண்ணாடியிலும் கறுப்பு ஃபிலிம், முன்னால் இரும்புக் கம்பி, கொடி. ஒருத்தரும் கை நீட்டவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அத நாங்க பாத்துக்கிறோம். நீங்க உங்குளுத பாருங்க."

கெடு அடுத்த செவ்வாய். அதற்குள் கார்டைத் திருத்த எழுதிக் கொடுத்து ரசீது காட்டணும். இல்லை, கார்டில் உள்ளபடி க்ரே அடிக்கணும். இரண்டும் இல்லையென்றால் வண்டி ஸ்டேஷனில்.

முதல் பீரியட் போச்சு. ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டாட்டம்.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் சின்னத் தூறல், புழுக்கம்தான் கூடியது. போனில் சட்டம் படித்தேன். எழுதி வைக்கிறேன், யாராவது மறுபடி கேட்டால் ஒப்பிக்க.

- நிறம் மாற்றலாம். ஆர்.சி.யில் பதியணும். முழு வண்டிக்கும் வேறு நிற ஸ்டிக்கர் ஒட்டினாலும் அதே கதை.
- முன், பின் கண்ணாடியில் நூற்றுக்கு எழுபது வெளிச்சம் உள்ளே வரணும். பக்கத்தில் ஐம்பது.
- முன்னால் இரும்புக் கம்பி கூடாது.
- நம்பர் பிளேட்டில் கைவேலை கூடாது.

நான் ஒன்றையும் மீறவில்லை. கொடி வண்டி பார்த்த மாத்திரத்தில் இரண்டு.

க்ரே அடிக்க மாட்டேன். இது என் பேரில் இருக்கிற கார். ஆனால் வாங்கும்போது நிறம் என் மாஜி கணவர் சொன்னது. வெள்ளை. "ரீசேல் வேல்யூ." சோபாவுக்கு உறை, ஃபிரிட்ஜுக்கு உறை, எல்லாம் நாளைக்கு வாங்கப்போகிற யாரோ ஒருத்தனுக்காக. பன்னிரண்டு வருடம் அப்படிப் போனது. அவர் பிரான்ஸ் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். டைவர்ஸ் பேப்பர் கைக்கு வந்த வாரம் பீரோவிலிருந்து மயில்கழுத்துப் பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டை பெயிண்ட்காரரிடம் போனேன். மூன்று தடவை கலந்து பார்த்துத்தான் அந்த நிறம் கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் புடவையை நனைத்துவிடாதீர்கள் என்று கத்தினேன்.

ஜூலை 10, வியாழன்

வாங்க: துவரம்பருப்பு, மாமாவுக்குக் கால்வலித் தைலம், சிவப்பு பேனா.

பள்ளி விட்டதும் ஆர்.டி.ஓ. ஏஜெண்ட் கடை. இரண்டு வருடம் முன்பு நிறத்தைப் பதிய வேண்டிய அன்றைக்கு எனக்குப் பரீட்சை டூட்டி. நிறம் மாற்றுகிற காகிதங்களை மாமாதான் என் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மாவின் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். இப்போது என் வீட்டு மாடியில், கருவடிக்குப்பத்தில்.

ஏஜெண்ட் பழைய ஃபைலைத் தூசி தட்டி, அன்றைக்குக் கார்டோடு குத்திக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்தான். மாமாவின் அச்சுப் போன்ற கையெழுத்து. வண்டி நம்பர். கீழே பிரெஞ்சில் "கார்த் கிரீஸ்".

தலையில் அடித்துக்கொண்டேன். மா. ஆர்.சி.யை ஆர்.சி. என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிரெஞ்சில் வண்டிப் பதிவுச் சீட்டுக்கு அதுதான் பெயர். நேர் அர்த்தம் சாம்பல் அட்டை.

"கிரீஸ்னா இன்னான்னு போன்ல போட்டுப் பாத்தேன் மேடம். சாம்பல்னு வந்துது. க்ரே அடிச்சிருக்காங்க போலன்னு டைப் பண்ணிட்டேன்."

"வண்டி உன் கடை வாசல்லதானே நின்னுது?"

"செம வெயில் மேடம். நான் வெளிய வர்ல."

யோசனை வேறு சொன்னான். "கரெக்‌ஷன் போட்டா இழுக்கும். பேசாம க்ரே அடிச்சிடுங்க. ரீசேலுக்கும் நல்லது."

அந்த வார்த்தை. சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது, காலில் வேறு யாருடைய செருப்போ.

ஜூலை 12, சனி

மா. கோட்டுக்கு இஸ்திரி போடுகிறார். திங்கட்கிழமை காத்தோர்ஸ், ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். கடற்கரை நினைவுச் சின்னத்தில் பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடுவார்கள்.

"ஏஜெண்ட் இன்னா சொன்னான்?"

"டைப்பிங் மிஸ்டேக்காம் மாமா."

"பாத்தியா. நான் எழுதிக் குடுத்ததுல தப்பு வராது. கேம்ப்ல இருபது வருஷம் ரெஜிஸ்டர் எழுதின கை இது."

என்னத்தைச் சொல்ல. சீட்டைக் காட்டினால்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நம்புவார்கள். காட்டினால் மா. முகம். அதற்காக வண்டியை விடவும் மனசில்லை. சீட்டைக் காரின் டேஷ்போர்டு டப்பாவில், பழைய ரசீதுகளுக்கு அடியில் வைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம், நல்லவேளை. ஸ்கூலில் ஒரு மணி நேரம் பர்மிஷன்.

ஆட்டோவில் போகலாமா என்றேன், வழியில் மறுபடி செக்கிங் இருந்தால் வம்பு என்று.

"உன் வண்டி இன்னா திருட்டு வண்டியா? எடு."

எடுத்தேன். மா. மெடல் குத்த ஊக்கு தேடி டப்பாவைத் திறந்தார். நான் சொல்வதற்குள் சீட்டு அவர் கையில். கண்ணாடியை மாட்டிப் படித்தார். மடித்தார். பிரித்து மறுபடி படித்தார். கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

நினைவுச் சின்னத்தில் விறைப்பாக சல்யூட் அடித்தார். வழக்கம்போல பிரான்ஸிலிருந்து என் மாஜி போன். காத்தோர்ஸ் தவறாமல் மாமாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிடுவார். மா. தள்ளிப் போய்ப் பேசினார்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்டார்: "எல்லாம் நான் எழுதினதாலதானா?"

"ஆமாம் மாமா."

மதியம் சாப்பிட இறங்கவில்லையாம். வேலைக்காரம்மா சொன்னது.

ஜூலை 15, செவ்வாய்

கடைசி நாள். அரை நாள் லீவு. கொளுத்துகிற வெயிலில் கேட் அருகே மா., கோட்டும் மெடலுமாக. நீங்கள் வரவேண்டாம் என்றேன். காதில் வாங்கவில்லை.

ஆபீஸில் இருந்தது ஒரு பெண் அதிகாரி. நான் வாயைத் திறப்பதற்குள் மா. சீட்டை மேஜையில் வைத்தார்.

"அம்மா, தப்பு எம்மேல. இந்தப் பொண்ணு மேல இல்ல. ஆர்.சி.ய பிரெஞ்சுல எழுதிட்டேன், ஏஜெண்டு அத கலருன்னு நெனச்சிட்டான். எழுதிக் குடுக்கறேன். கையெழுத்தும் போடறேன்."

நாற்பத்தாறு வருடத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து 'தப்பு எம்மேல' என்று நான் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னா கலருன்னு போடறது?"

"மயில்கழுத்து."

"எங்கிட்ட இதே கலர்ல ரெண்டு பொடவ இருக்குது. ஆனா லிஸ்ட்ல இல்லயே. நீலமா பச்சையா சொல்லுங்க."

மா. "ப்ளூ" என்றார். நான் "பச்சை" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"க்ரே அடிச்சிட்டா இந்தத் தொல்லையே இல்ல."

"மாட்டேன் மேடம்."

"பழையபடி வெள்ளை?"

"உயிர் போனாலும் மாட்டேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீலம்னு போடறேன். யாராவது கேட்டா வெயில்ல நிறுத்திக் காட்டுங்க. வெயில்ல நீலமாத்தான் தெரியுது."

ரசீது வாங்கி நேரே பாலத்துக்கு. எஸ்.ஐ.யிடம் காட்டினேன். தலையை ஆட்டினார். போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அன்றைக்கே மனப்பாடமாகிவிட்ட கொடி வண்டியின் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

மழை. நல்ல மழை. 9பி டெஸ்ட் பேப்பர் பாதி திருத்தினேன்.

கார்டு தபாலில் வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கலர்: ப்ளூ. மா.விடம் கொடுத்தேன். அவரும் கண்ணாடி போட்டு, விரல் வைத்துப் படித்தார்.

"காத்தோர்ஸ் அன்னிக்கு போன்ல உன் வண்டி சமாச்சாரத்த அவங்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். "அந்தக் கலர்ல எவன் வாங்குவான்னு சிரிக்கிறான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"விக்கிறதா யாருடா சொன்னான்னு கேட்டு கட் பண்ணிட்டேன்."