எனக்குக் கையெழுத்து இல்லாத காலம்

மார்ச் 4
இன்றும் வாய்தா. மூன்று மாடி ஏறி, மூன்று மாடி இறங்கினேன். முழங்கால் என்னோடு பேசுவதில்லை. ஒரே ஆறுதல், நீதிமன்றத்துப் பலகைகளை எல்லாம் படித்துவிட்டேன். ‘எச்சில் துப்பாதீர்’ - எவ்வளவு அழகான எழுத்து!

மார்ச் 5
எங்கள் சங்கத்தின் ஐஸ் தொழிற்சாலையை, இயந்திரத்தைக் கடனுக்குத் தந்த வெளிநாட்டுக் கம்பெனியிடம் ஒப்படைக்கவேண்டுமாம். அவர்கள் ஊரில் ஒரு மத்தியஸ்தர் தீர்ப்பு எழுதிவிட்டார். தலைவன் நான், என்னை யாரும் கூப்பிடவே இல்லை. அந்தத் தீர்ப்பை இங்கே நிறைவேற்றக் கேட்கிறார்கள். பதினெட்டுக் குடும்பம் எங்கே போகும்?

வக்கீலம்மாவிடம் மறுபடி கேட்டேன். “அந்தத் தீர்ப்பு சரியா தப்பான்னு இந்தக் கோர்ட்டு திரும்பப் பாக்காது தாத்தா. நம்ம நாட்டோட அடிப்படை நியாயத்துக்கே விரோதம்னு காட்டினாத்தான் நிறுத்தும். பொதுக் கொள்கைன்னு பேரு.”

“கூப்பிடாம தீர்ப்பு சொல்றது விரோதம் இல்லையாம்மா?”

“கூப்பிட்டோம்னு சொல்றாங்களே. இல்லைன்னு நாமதான் காட்டணும்.”

பேர் பெரிதாக இருக்கிறது. கதவு சின்னது.

மார்ச் 19
வாய்தா.

மார்ச் 23
படித்துப் பழகுவதற்காக வழக்குக் கட்டின் தமிழ் நகலைக் கேட்டு வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மருமகள் சிரிக்கிறாள்: “வேற கதைப் புத்தகமே கிடைக்கலையா மாமா?”

ஏப்ரல் 11
பத்தொன்பதாம் பக்கத்தில் என் பெயர்! ‘விசாரணைக்கு வர விருப்பமில்லை, உங்கள் முடிவுக்குக் கட்டுப்படுகிறோம்’ என்று ஒரு கடிதம். அடியில் என் கையெழுத்து. என்ன வளைவு, என்ன நெளிவு! மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நீங்க இவ்வளவு நல்லாவா போடுவீங்க?”

பிறகுதான் தேதியைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முந்தியது. நான் மாலைப் பள்ளியில் சேர்ந்தது போன வருடம். அதுவரை கட்டைவிரல்தானே - ஐயோ, இது யாரு போட்டது? நான் இல்லையே!

ஏப்ரல் 12
வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “வக்காலத்துல நீங்க கையெழுத்துப் போட்டீங்களா, இதுவும் உங்களோடதுன்னே நினைச்சுட்டேன்.” சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகங்களைச் சுமந்துபோய்க் கொடுத்தேன். முப்பது வருடம், பக்கத்துக்குப் பக்கம் என் நீலக் கட்டைவிரல். அந்தக் கடிதம் எழுதிய வாரத்திலும்.

ஜூன் 2
வாய்தா.

ஜூலை 9
வாய்தா. மூன்று மாடி.

செப்டம்பர் 17
பொய்க் கடிதத்தால் பெற்ற தீர்ப்பை நிறைவேற்றுவது பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று நீதிபதி மறுத்துவிட்டார். அவர்கள் மேல்முறையீடு போவார்களாம். துள்ளிக் குதிக்கத் தெம்பில்லை; உட்கார்ந்துவிட்டேன்.

தீர்ப்பின் நகல் வாங்கப் போனபோது குமாஸ்தா மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். “கைநாட்டுதானே பெரியவரே? கோர்ட்டே சொல்லிருச்சே!”

பேனா கேட்டு வாங்கினேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. அந்தக் கள்ளக் கையெழுத்து அளவுக்கு அழகில்லை.