யாரும் குடியிராத வீடு

பிப்ரவரி 11, ஞாயிறு

தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தோம்.

ஆள் இல்லாத வீட்டில் வாரம் ஒருமுறை எல்லா வடிகால் துளைகளிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிச் சாக்கடை நாற்றம் மேலே ஏறும், கரப்பானும் வரும். சமையலறையில் ஒன்று, இரண்டு குளியலறைகளிலும் இரண்டிரண்டு, துணி துவைக்கும் இடத்தில் ஒன்று. ஆறு குவளை. என் கணவன் ஊற்றுவான், நான் ஜன்னல்களைத் திறந்து மூடுவேன். கதவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறை கிழியாமல் பக்கவாட்டில் நுழைவோம். எங்கள் வீட்டுக்குள் நாங்களே திருடர்கள் போல.

வாங்கிப் பதினாறு மாதம் ஆகிறது. ஒரு நாள்கூட அங்கே தூங்கியதில்லை. அது நான் போட்ட விதி. யாரும் குடியிராத வீடு என்றால் விற்கும்போது பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கும் என்றார் தரகர். விசாரித்தேன். உண்மைதான்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டான். "என்ன ஆராய்ச்சி, இன்னைக்கு நாம எவ்ளோ பணக்காரங்க?"

வங்கியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்ப்பதால் எனக்கு அந்தப் பெயர். தரகருக்கு அவன் வைத்த பெயர் ரெண்டு பர்சென்ட்.

"வாங்கின விலைல கால்வாசி ஏறியிருக்கு."

"அப்ப எறங்கி டாக்ஸில போலாமா?"

"விக்கிறவரைக்கும் அது காத்துல இருக்கிற பணம்."

"காத்துல இருக்கிற டாக்ஸிதான் கேட்டேன்."


பிப்ரவரி 20

எங்கள் வாடகை அறைக்குக் கீழே இருக்கும் அச்சகத்தில் இன்றும் தாமதமாகத்தான் வேலை முடிந்தது. கீழே இயந்திரம் ஓடினால் எங்கள் கட்டில் நடுங்குகிறது. ஒரே அறை. அவன் திரும்பிப் படுத்தால் நான் எழுந்துகொள்கிறேன்.

அம்மா தொலைபேசியில் சொன்னாள்: "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்னு சொல்வாங்க. நீங்க ரெண்டையும் பாத்துட்டு, இன்னும் வாடகைக்கே கெடக்கீங்களே."

பதினெட்டு வயதுக்குள் பதினொரு வாடகை வீடு பார்த்தவள் நான். ஒவ்வொரு முறையும் அந்தந்த வீட்டுக்காரர் சொன்ன தேதிக்குள் சாமான் கட்டியவள் அம்மா. அவளுக்கு விளங்கும் என்று நினைத்தேன். இது வீடு இல்லை. வீடு வாங்கப்போகிற பணம்.


மார்ச் 3, ஞாயிறு

இன்று அவன் ஒன்று கேட்டான்.

தண்ணீர் ஊற்றி முடித்துச் சின்ன அறையில் நின்றுகொண்டிருந்தான். கையை ஜன்னலுக்கு நேரே நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இங்க ஒரு பெஞ்சு போட்டுக்கட்டுமா?"

அவன் பல் செய்கிறவன். மருத்துவர் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் செதுக்கி, வார்த்து, நிறம் பொருத்தி அனுப்புவான். வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு என்பான். குழல் விளக்கில் பார்த்தால் நிறம் பொய் சொல்லும், ஒரே சீரான பகல் வெளிச்சம் வேண்டும். வேலை பார்க்கும் இடத்தில் அது இல்லை.

"சொந்தமா ஆரம்பிக்கணும்னு இல்ல. சாயங்காலம், லீவு நாள்ல... நாலு டாக்டருங்க தெரிஞ்சவங்க இருக்காங்க."

"பிளாஸ்டர் மாவு பறக்குமே. தரை போயிடும். சிங்க்ல அடைச்சுக்கும்."

"பாய் விரிச்சுக்குவேன்."

"விக்கிறவரைக்கும் பொறுத்துக்கோயேன். அப்புறம் பெஞ்சு என்ன, லேபே போட்டுடலாம்."

"சரி" என்றான். உடனே சொன்னான். கொஞ்சம் இழுத்திருக்கலாம்.


மார்ச் 4

என் காரணங்கள் எல்லாம் சரியானவை. அதுதான் உறுத்துகிறது.


ஏப்ரல் 17

வட்டி மறுபடி ஏற்றம். கடன் கொடுத்த வங்கியிலிருந்து கடிதம்: தவணை இப்போதைக்கு மாறாது, காலம் நீளும். இருபது வருடக் கடன் இருபத்தாறு ஆகிறது. நேற்றுத் தூங்கி எழுந்ததற்கு ஆறு வருடம்.

எங்கள் வங்கியின் காலாண்டு அறிக்கையில் வீட்டுச் சந்தை பற்றிய பத்தி என்னுடையது. "விலை உறுதியாக இருக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது." யார் எதிர்பார்க்கிறார்கள்? செயப்பாட்டு வினைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பது நான்தான்.

அவன் இரவு சாப்பிடும்போது பேசவே இல்லை. கடிதம் பற்றிய கவலையாக இருக்கும்.


மே 26, ஞாயிறு

ரெண்டு பர்சென்ட் ஒரு ஆளைக் கூட்டிவந்தார். நல்ல விலை. நான் மனதில் வைத்திருந்ததற்குச் சற்றுக் கீழே.

"குடுத்துடுவோம்" என்றான் இவன், வந்தவர்கள் படி இறங்கும் முன்பே.

"ஆறு மாசம் பொறுத்தா இன்னும் கெடைக்கும்."

"போதும். குடுத்துடலாம்."

தரகர் நடுவில் புகுந்தார். "மேடம், பந்தியில எழுந்திருக்க நேரம் தெரியணும். எலையை எடுக்கிறவன் வந்து சொல்ல மாட்டான்."

"உங்களுக்கு ரெண்டு பர்சென்ட் அவசரம்."

சிரித்துவிட்டார். இவன் சிரிக்கவில்லை. வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். அவனுக்குப் பணத்தின் மேல் இவ்வளவு அவசரம் எப்போது வந்தது? அதை எழுதிவைக்கிறேன். கேட்கவில்லை.


ஜூன் 20

வட்டி. மறுபடி. இந்தமுறை தவணையும்.


ஜூலை 7, ஞாயிறு

உடம்பு சரியில்லை என்று அவன் வரவில்லை. தனியாகப் போய் ஊற்றினேன்.

வாசலில் காவலாளி: "சார் வரலீங்களா? இன்னைக்கு அவருக்கு லீவு போல."

"எதுக்கு லீவு?"

"தினமும் வருவாரே. ஒம்போதரைக்கு வருவாரு, அஞ்சரைக்குப் போவாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?" பிறகு முகம் மாறி, கயிற்றில் தொங்கிய சாவிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

வீடு வழக்கம்போல. ஒரு முடிகூடக் கிடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. யாரோ மிகக் கவனமாகத் துடைத்திருக்கிறார்கள்.

பெண். வேறென்ன இருக்க முடியும்? நான் நுழையவிடாத வீட்டுக்குள் இன்னொருத்தி.

இரவெல்லாம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.


ஜூலை 9, செவ்வாய்

அரைநாள் விடுப்பு. பதினோரு மணிக்குப் போனேன். கதவுக்கு வெளியே ஒரே ஒரு ஜோடி செருப்பு. அவனுடையது.

சின்ன அறையில், ஜன்னலுக்குக் கீழே, செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தான். மடியில் இன்னொரு செய்தித்தாள். கையில் சிறுகத்தி. மெழுகில் ஒரு கடைவாய்ப்பல். சீவிய துணுக்குகளை ஒரு டப்பா மூடியில் சேர்த்து வைத்திருந்தான்.

ஏப்ரல் முதல் வாரமே வேலை போயிருக்கிறது. முதலாளி இயந்திரம் வாங்கிவிட்டார். வாயைப் படம் பிடித்தால் அதுவே பல்லைக் கடைந்து கொடுத்துவிடுமாம். ஆறு பேரில் இரண்டு பேர் போதும். வெளியிலும் வேலை இல்லை. "வலிக்கு மட்டும்தான் டாக்டர்கிட்ட போறாங்க இப்போ. அழகுக்குப் பல் கட்டுறவங்க நின்னுட்டாங்க." தெரிந்த மருத்துவர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு, மூன்று உருப்படி கொடுக்கிறார். வீட்டுக்கு அவன் தந்தது எல்லாம் அதுவும், கையிருப்பும்.

மூன்று மாதம். நான் கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிட்டான்?

"படிக்கட்டுல. உள்ள வெச்சா சிந்திடும்ல."

இதையெல்லாம் அவன் சொன்னது பிறகு. அதற்கு முன்னால் நடந்ததை எழுத வேண்டும். எழுதாமல் இருந்தால் மாற்றி நினைத்துக்கொள்வேன்.

கதவைத் திறந்தேன். அவன் நிமிர்ந்தான். என் கண் முதலில் தரைக்குப் போனது.

அவன் முகத்துக்கு இல்லை. தரைக்கு. செய்தித்தாளின் ஓரம், ஓடுகளின் இடுக்கு, மெழுகுக் கறை இருக்கிறதா என்று. ஒரு நொடிதான். ஒரு நொடிகூட இருக்காது.

அவன் பார்த்துவிட்டான்.

மெதுவாகக் காலை நகர்த்தி, தாளைத் தூக்கிக் காட்டினான்.

"பாத்துக்கோ. ஒண்ணும் படல."


ஜூலை 10

சொல்ல முயன்றேன். "நான் அதைப் பாக்கல" என்றேன். பொய். "சரி விடு" என்றான். உடனே.


ஜூலை 11

பெண்ணாக இருந்திருந்தால் என் பக்கம் ஏதாவது நியாயம் இருந்திருக்கும்.


ஆகஸ்ட் 4, ஞாயிறு

அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. பெரிய லேப். தங்குமிடம் அவர்களே தருகிறார்கள். ஒரு பெட்டி, ஒரு பை, கருவிகள் வைத்த தகரப்பெட்டி. பேருந்து நிலையத்தில் சண்டை போடுவோம் என்று எதிர்பார்த்தேன். ஒரு சண்டைக்காக ஏங்கினேன் என்றே சொல்லலாம். டிக்கெட்டைச் சரிபார்த்தான், தண்ணீர் வாங்கினான், தவணையில் பாதியை ஐந்தாம் தேதிக்குள் அனுப்புவதாகச் சொன்னான்.

"நான் தவணை கேக்கலடா."

"தெரியும். வேற எதையும்தான் நீ கேக்கல."

பேருந்து கிளம்பும் முன் என் தோள்பையின் திறந்திருந்த ஜிப்பை இழுத்து மூடிவிட்டான். அவ்வளவுதான்.

பிறகு தனியாகப் போய் ஆறு குவளை ஊற்றினேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அதனால்.


செப்டம்பர் 12

எதிர்ப்புறக் கட்டடத்தைக் கட்டியவர்களே விலையைக் குறைத்துவிட்டார்கள். சமையலறை அலமாரி இலவசம், முதல் வருடத் தவணையை அவர்களே கட்டுவார்களாம். எங்கள் வீட்டைப் பார்க்க யாரும் வருவதில்லை.

ரெண்டு பர்சென்ட்: "மேடம், இப்ப வித்தா கடனுக்கே பத்தாது. வாடகைக்கு விடலாம்னா, பக்கத்து ஆபீஸ் காலி பண்ணிட்டுப் போனதுலேர்ந்து மாடிக்கு மாடி 'வாடகைக்கு'ன்னு அட்டை தொங்குது."

"என்ன செய்யலாம்?"

"நீங்களே குடி போங்களேன். நல்ல வீடு."

இதை முதன்முதலில் யோசித்தவர் போல, மிகுந்த யோசனையுடன் சொன்னார்.


அக்டோபர் 6, ஞாயிறு

வாடகையும் தவணையும் சேர்ந்து இனி முடியாது. அறையைக் காலி செய்வதாக அச்சகக்காரரிடம் சொல்லிவிட்டேன். பிறகு அவனுக்குத் தொலைபேசி.

சின்ன அறையை அவனுக்காக ஒழித்து வைக்கிறேன் என்றேன். பெஞ்சு போடலாம். தச்சரிடம் பேசியாகிவிட்டது. மாவு பறக்கட்டும். தரை எப்படியாவது போகட்டும். வேகமாகப் பேசினேன். மூச்சு வாங்கியது.

அவன் பக்கம் ஏதோ கடையும் இயந்திரத்தின் ஓசை.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காதே."

"கேளு."

"விலை ஏறியிருந்தா கூப்பிட்டிருப்பியா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருக்கவும் கூடும். நம்ப விரும்பித்தான் கேட்டான், அது குரலில் இருந்தது. ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த நேரத்திலும். ஏறியிருந்தால் இன்னும் ஆறு மாதம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

என் பெயரைச் சொன்னான். ஆராய்ச்சி இல்லை, என் பெயர். கல்யாணமான நாலு வருடத்தில் அவன் வாயிலிருந்து அதைக் கேட்டதே இல்லை, யாரையோ கூப்பிடுவது போல இருந்தது.

"இங்க எனக்கு ஒரு பெஞ்சு குடுத்திருக்காங்க" என்றான்.


நவம்பர் 2, சனி

குடிவந்துவிட்டேன். சாமான் ஏற்றி வந்த வண்டிக்காரர் கட்டிலைத் தரையோடு இழுத்தார். நீளமாக ஒரு கோடு விழுந்தது. பதறிப்போய், "ஐயோ, புதுத் தரைங்களே" என்றார். பரவாயில்லை என்றேன். அவர் போன பிறகு அந்தக் கோட்டின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு எளிது.


நவம்பர் 19

தபாலில் விவாகரத்துக் காகிதங்கள். அவன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறான். வக்கீல் குறி வைத்த இடங்களில் நானும் போட வேண்டும். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "வீட்டுல என் பங்கு வேண்டாம். தவணைப் பாதி மார்ச் வரைக்கும் அனுப்பறேன். உடம்பப் பாத்துக்கோ."

அடித்தல் திருத்தலே இல்லை. நாலைந்து முறை எழுதிப் பார்த்திருப்பான்.


டிசம்பர் 15, ஞாயிறு

காலையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியராம், கையில் அட்டை, காதில் பேனா. இவ்வளவு நாள் வீடு பூட்டிக்கிடந்ததால் பதிவேட்டில் எங்கள் பக்கம் காலியாக இருக்கிறதாம். இனித் தண்ணீர்க் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள்.

"எத்தன பேர்மா இருக்கீங்க?"

அவர் எழுதத் தயாராகப் பேனாவை எடுத்துவிட்டார். அடுத்த வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள். அது நிற்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"ஒருத்தர்."

"ஒருத்தர்தானா? அப்ப மத்த வீட்டுக்கு வர்றதுல பாதிதான் வரும்." மற்ற வீட்டார் காதில் விழக்கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கு லாபம்தாம்மா."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.