அக்காவும் அக்குவாவும்

சனி, தை (ஜனவரி) 11

குளிர். வெயில் இருக்கு, சும்மா படத்துக்கு. இண்டைக்குத் தண்ணி வாற நாள். வாளி, பானை, குளிக்கிற தொட்டி, பழைய கோலாப் போத்தில் எல்லாம் நிரப்புறது என்ரை வேலை. மழை இல்லை, மலைப்பக்கத்து ஏரி வத்திப்போச்சு, அதாலை கிழமையிலை சில நாள்தான் பைப் திறக்கிறாங்கள். இத்தாலியிலை நாங்கள் இருக்கிற இடத்துக்குப் பேர் சீசா. சீசாவிலை தண்ணி இல்லை. சொல்லிப்போட்டு நானே சிரிச்சன், வேறை ஒருத்தரும் சிரிக்கேல்லை.

புதன்கிழமை அக்கா கனடா போறா. போன கோடையிலை கனடா அத்தானோடை கலியாண எழுத்து முடிஞ்சுது, இப்ப விசாவும் வந்திட்டுது. நானும் ஏலுமான அளவு செய்து பாத்தன். சூட்கேசின்ரை சில்லைக் கழட்டினன், அப்பா திருப்பிப் பூட்டிட்டார். கனடாக் கரடி வீடியோ காட்டினன், "வடிவாக் கிடக்கு" எண்டா. அக்கா குறட்டை விடுறதைப் பதிஞ்சு அத்தானுக்கு அனுப்பினன். அவர் அதை ரிங்டோனா வைச்சிருக்கிறாராம்.

அந்த மனுசன் கெட்டவனா இருந்தா எவ்வளவு லேசு.

அக்கான்ரை போன் நம்பர் மாறுமோ? கேக்கேல்லை. வந்த புதிசிலை, எனக்கு ஆறு வயசு, வுச்சீரியாச் சந்தைக்குள்ளை துலைஞ்சுபோய் "அக்கா, அக்கா" எண்டு கத்த, ஒரு மீன்காரன் ஒரு கிளாஸ் தண்ணி கொண்டுவந்து தந்தவன். இவங்களுக்கு அக்குவா எண்டா தண்ணி. அதாலைதான் அவ என்ரை போனிலை "அக்குவா நத்துராலே", சும்மா தண்ணி. அவவின்ரை போனிலை நான் "ஃப்ரிட்சான்தே", காஸ் அடைச்ச தண்ணி. ரெண்டும் நான் போட்ட பேர்தான்.

ஞாயிறு, தை 12

மலை ஏறினம். அவ்வளவுதான் எழுத இருந்தனான். சரி, மிச்சமும்.

இவ்வளவு காலமும் குடிச்ச ஏரியை ஒருக்காலும் பாக்கேல்லை, பாத்திட்டுப் போவம் எண்டு அக்காதான் வெளிக்கிடுத்தினா. விடிய பஸ். அ.பு. (அம்மா புலம்பல்) வாசல் வரைக்கும்: கலியாணம் கட்டின பிள்ளை, பயணத்துக்கு முதல் கால் முறிச்சா என்ன கதை. நான் மனசுக்குள்ளை, முறியட்டும் கடவுளே, சின்னதா, எண்டு நேந்தன். உடனை வாபஸ்.

ரொட்டி, சம்பல். அப்பாவின்ரை ஜாக்கெட், கை என்ரை முழங்கால் வரைக்கும். காத்து காதை வெட்டுது. ஆட்டுப் புழுக்கை, கல்லு, முள்ளு, திரும்பக் கல்லு.

மேலை நிண்டு பாத்தா கீழை ஏரி இல்லை. பள்ளத்தாக்கு முழுக்கப் பாலைவனம். வெடிச்ச மண். நடுவிலை கோப்பையடியிலை மிஞ்சின தேத்தண்ணி மாதிரிக் கொஞ்சம். முந்தித் தண்ணிக்குள்ளை கிடந்த பாலம் ஒண்டு வெளியாலை நிக்குது, கடக்கிறதுக்கு ஒண்டுமில்லாமல்.

கனடாவிலை ஏரியெல்லாம் கடல் மாதிரியாம் எண்டா அக்கா. உப்பிருக்கோ எண்டு கேட்டன். இல்லையாம். அப்ப சப்பெண்டுதான் இருக்கும் எண்டன். சிரிச்சா.

இறங்கேக்கை ஒளிச்சன். பெரிய பாறை ஒண்டு. திட்டம்: தேடுவா, பதறுவா, அழுவா, இதை விட்டிட்டு எப்பிடிப் போறது எண்டு யோசிப்பா. ஒரு மனுசர் கனடா போகாமல் விடுறதுக்கு இது காணாது எண்டு தெரியும். வேறை திட்டம் கைவசம் இல்லை.

ஒருத்தரும் கூப்பிடேல்லை. கால் விறைச்சுது. முகில் இறங்கிச்சு. வெளியிலை வந்து பாத்தா பாதையிலை ஆள் இல்லை.

அக்கா எண்டு கத்தினன். திரும்பக் கத்தினன். மலை "கா, கா" எண்டு காகம் மாதிரித் திருப்பிச் சொல்லுது. பகிடி எண்டு தெரிஞ்சுது, சிரிப்பு வரேல்லை.

முகிலுக்குள்ளாலை ஒரு வயசான சோடி, ஊண்டுதடியோடை ஓடி வந்திச்சினம். அந்த மனுசி மூச்சு வாங்க, "அக்குவா, செல்லம், இந்தா, குடி குடி" எண்டு இத்தாலியனிலை சொல்லிக்கொண்டு போத்திலை என்ரை வாயிலை வைச்சா. தமிழைவிட எனக்கு இத்தாலியன்தான் நல்லா ஓடும். பள்ளிக்கூடத்திலை வாத்தியாருக்கே வாய் காட்டுறனான். அந்த நேரம் சகோதரிக்கு இத்தாலியன் சொல் என்ன எண்டு வாயிலை வரேல்லை. குடிச்சன். வேறை என்ன செய்யிறது. காஸ் இல்லாத தண்ணி.

அக்கா அடுத்த வளைவுக்குக் கீழை, காத்துக்கு முதுகைக் குடுத்து ஒரு கல்லிலை இருந்தா. காதிலை வயர். அத்தானோடை கதைச்சுக் கதைச்சுச் சிரிப்பு.

"எங்கையடி போனனீ? உடம்பெல்லாம் மண்."

"ஒளிச்சனான்."

"எப்ப?"

அவவிலை பிழையில்லை. நான் முன்னுக்கு இறங்கிட்டன் எண்டு நினைச்சவவாம்.

பஸ்ஸிலை என்ரை தோளிலை நித்திரை. தோள் மரத்துப் போச்சு. அசையேல்லை.

செவ்வாய், தை 14

மழை! இப்பத்தான். ஏரிக்குக் காணாதாம், அப்பா சொன்னார். வன்னியிலை குளத்தடியிலை வளந்த ஆள், வானத்தைப் பாத்து நம்பாமல் தலையாட்டுறார்.

பொங்கல். பால் வடக்குப் பக்கம் வழிஞ்சது நல்லதாம். எங்கடை குசினியிலை வடக்கு எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

யன்னலோரக் கட்டில் நாளையிலை இருந்து எனக்காம். அதுக்கு அக்காவோடை எத்தினை அடிபாடு. வேண்டாம் எண்டன். உனக்கென்ன விசரோ எண்டா அம்மா.

புதன், தை 15

விமான நிலையம். அம்மா அழுதா. அப்பா காரைப் பாத்திட்டு வாறன் எண்டு வெளியாலை போனார். எங்களிட்டைக் கார் இல்லை.

பை சோதிக்கிற இடத்துக்கு முன்னாலை கயிறு. அதுக்கங்காலை நாங்கள் போகேலாது. யூனிபோர்ம் போட்ட ஒருத்தன் எல்லாருக்கும் அலுத்துப்போய்ச் சொல்லிக்கொண்டு நிண்டான்: "அக்குவா நோ. அக்குவா ரெஸ்தா குவி." தண்ணி உள்ளை போகேலாது, தண்ணி இஞ்சைதான் நிக்கும்.

அக்கா இஞ்சைதான் நிக்கும்.

யூனிபோர்ம் போட்ட ஆள் ஒண்டு வாழ்க்கையிலை முதல்தரம் என்ரை பக்கம். அக்காவைப் பாத்தன். அவவுக்கும் விளங்கிட்டுது. ரெண்டு பேரும் சிரிச்சம். பிறகு அவவின்ரை வாய் கோணிச்சு. பைக்குள்ளை இருந்து போத்திலை எடுத்தா, சனிக்கிழமை நான் நிரப்பினது. கயித்துக்கு மேலாலை நீட்டினா.

"பிடி, ஃப்ரிட்சான்தே. போட்டு வாறன்."

இப்ப வீட்டை. இண்டைக்குத் தண்ணி வராத நாள். அம்மா தேத்தண்ணிக்கு அந்தப் போத்திலைத் தூக்கினா. பறிச்சுப்போட்டன்.